சேற்றில் சிக்கிய ஜீப்பும் ஆறு ரூபாயும்

போன ஞாயிற்றுக்கிழமை பேரன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். சாப்பாட்டுக்குப் பிறகு சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்துகொண்டிருந்த என்னை எழுப்பி, கைப்பேசியை நீட்டினான். "தாத்தா, இதப் பாருங்க, நானும் ஃப்ரெண்ட்ஸும் போயிருந்தோம்."

பெரிய பெரிய வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றாகச் சேற்றுக் குளத்தில் இறங்குகிறது. ஒரு வண்டி நடுவில் மாட்டிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றுகிறது. சுற்றி நிற்பவர்கள் மேலெல்லாம் சேறு. எல்லாரும் கைதட்டுகிறார்கள். பிறகு இன்னொரு வண்டியின் முன்பக்கத்தில் இருக்கும் ஒரு மோட்டார், இரும்பு வடத்தைச் சுருட்டிச் சுருட்டி அதை வெளியே இழுக்கிறது.

"இதுக்குப் பணம் கட்டிப் போறோம் தாத்தா" என்றான்.

"நாங்க பணம் கட்டாமலே போயிருக்கோம்டா" என்றேன். சிரித்தான். அதற்கு மேல் அவனிடம் சொல்லவில்லை. ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. நாற்பத்தைந்து வருடங்களுக்கு மேலாக என்னுள் கிடக்கும் ஒரு விஷயம் இது. என் வயதுக்கு இனிமேல் தள்ளிப்போட முடியாது. எனவே இந்த வாரம் இதையே எழுதிவிடுகிறேன். வழக்கம்போல என் தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படித்தது பிரெஞ்சு வழி. வீட்டில் பேசிய தமிழைத்தான் பிறகு நானாக எழுதப் பழகினேன்.

நம் ஊர்ப் பெரியவர்களுக்கு அந்தக் காலம் தெரியும். 1954 நவம்பர் முதல் தேதி ஊர் கைமாறியபோது எனக்கு நான்கு வயது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி எல்லாம் முடிந்தபோது பன்னிரண்டு வயது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுபவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் என்னைப் பிரெஞ்சுப் பள்ளியிலிருந்து மாற்றவும் இல்லை. கூடப் படித்தவர்கள் பாதிப் பேர் கப்பலேறிப் போனார்கள். நான் இங்கேயே இருந்து, ஆங்கில டைப்ரைட்டிங் பழகி, 1975-இல் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் எல்.டி.சி. ஆனேன். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. நிலத்தோடு சம்பந்தப்பட்டது என்பது போதும்.

அங்கே எனக்குத் தனி மரியாதை உண்டு. காரணம் பிரெஞ்சு. இன்றைக்கும் நம் பத்திரங்களில் ஆர்.எஸ். நம்பர் ஒன்று, கதாஸ்தர் நம்பர் ஒன்று என்று இரண்டு எண்கள் போடுகிறோம் அல்லவா? அந்தக் கதாஸ்தர் ஏடுகளும் வரைபடங்களும் நொத்தேர் எழுதிய பழைய ஆக்துகளும் பிரெஞ்சில் இருந்தன. ஹெக்டேர், ஆர், சாந்தியார் என்று அளவு போட்டிருக்கும். சந்தேகம் வந்தால் எங்கள் ஆபீசர், "அந்தப் பையனைக் கூப்பிடு" என்பார். நானும் உள்ளே போய், மூக்கின் வழியாக நாலு வார்த்தை படித்து, அர்த்தம் சொல்லிவிட்டு வருவேன். இருபத்தெட்டு வயது. அந்த வயதில் அது போதும், தலை சுற்றிப் போக.

எங்கள் ஜீப் டிரைவருக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அவர் பெயரையும் சொல்லப்போவதில்லை. அவருடைய பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்கள். எனக்கு அவர் அண்ணன். அவருக்கு நான் தம்பி. நல்ல மனநிலையில் இருந்தால் "மிசே தம்பி". இருபது வருட சர்வீஸில் ஒரு கீறல் விழாமல் வண்டி ஓட்டியவர். காலையில் ஷெட்டுக்கு வந்ததும் டயரைக் காலால் தட்டிப் பார்ப்பார், தண்ணீர் பார்ப்பார், ஆயில் குச்சியை உருவிப் பார்ப்பார். அதற்கு அப்புறம்தான் டீ. ஷெட்டில் மற்ற டிரைவர்கள் வண்டியில் ஏதாவது சத்தம் கேட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் அவரைக் கூப்பிடுவார்கள்.

1978, ஐப்பசிக் கடைசி. பாகூர் பக்கம் ஒரு நிலத்தின் எல்லைத் தகராறு. பழைய வரைபடத்தையும் நிலத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆபீசர், நான், சங்கிலி பிடிக்கும் செயின்மேன், டிரைவர் அண்ணன், நான்கு பேர் கிளம்பினோம். ஊரிலிருந்து சுமார் 20 கி.மீ. கடலூர் ரோட்டில் போய் கிருமாம்பாக்கம் தாண்டி, பாகூர் பக்கம் திரும்பினோம். மூன்று நாள் பெய்த மழை அன்று காலைதான் விட்டிருந்தது. வெயில் பளிச்சென்று அடித்தது. அந்த வெயில்தான் எங்களை ஏமாற்றியது.

நம் பிரதேசத்தின் நெற்களஞ்சியம் பாகூர் என்பது உங்களுக்குத் தெரியும். தென்பெண்ணை ஆற்றிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் ஏரிக்கு வந்து, ஏரியிலிருந்து சுற்றியுள்ள ஊர்களுக்குப் பாய்கிறது. மண் வண்டல். வெயிலில் மேல்தோல் அரை நாளில் காய்ந்து வெடிப்பு விடும். உள்ளே ஒரு முழம் ஆழத்துக்குக் களி, அப்பம் மாவு மாதிரி இருக்கும்.

ஒரு கிளை வாய்க்கால் கரைமேல் வண்டி போய்க்கொண்டிருந்தது. நாங்கள் போக வேண்டிய இடம் எதிரே தெரிகிறது, அரை கிலோமீட்டர் இருக்கும். ஆனால் கரைவழியே சுற்றிப் போனால் நாலைந்து கிலோமீட்டர். மணி மூன்றைத் தாண்டியிருந்தது. ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் மடியில் வரைபடத்தை விரித்து வைத்திருந்தேன். நான் பிறப்பதற்கு முன்னால் வரைந்தது. அதில் நாங்கள் நிற்கும் இடத்திலிருந்து நேராக அந்த நிலத்துக்கு இரண்டு மெல்லிய கோடுகள் ஓடின. பக்கத்தில் 'ஷ்மேன்' என்று சாய்வெழுத்தில் எழுதியிருந்தது. ஷ்மேன் என்றால் பாதை.

"சார், இங்கேயே ஒரு வண்டிப்பாதை இருக்கு. நேரா போயிடலாம்" என்றேன்.

டிரைவர் அண்ணன் ஜீப்பை நிறுத்தினார். இறங்கிப் போய், கரைக்குக் கீழே நின்று பார்த்தார். குதிகாலால் மண்ணை அழுத்திப் பார்த்தார். திரும்பி வந்து, "ஐயா, இங்க பாதை இருந்திருக்கலாம். இப்ப இல்ல. மேலதான் காஞ்சிருக்கு. சுத்திப் போயிடுவோம், இருட்டறதுக்குள்ள வந்துடலாம்" என்றார்.

ஆபீசர் என்னைப் பார்த்தார். நான் வரைபடத்தை அவர் பக்கம் திருப்பி, விரலை வைத்துக் காட்டினேன். "கவர்ன்மென்ட் மேப் சார். பிரெஞ்சுக்காரன் தப்பா போட மாட்டான்."

இந்த வாக்கியத்தை நான் சொன்னது உண்மை. இன்றைக்கும் என் காதில் கேட்கிறது.

"மேப்பில இருக்குய்யா, இறக்கு" என்றார் ஆபீசர்.

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபமான பார்வை இல்லை. வண்டியை இறக்கினார்.

முதல் ஐம்பது அடி நன்றாகத்தான் போனது. நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். அடுத்து ஒரு தாழ்வு. பின்சக்கரம் இடதுபக்கம் வழுக்கியது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. அண்ணன் உடனே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டார்.

வண்டி ஓட்டாதவர்களுக்காக இதைச் சொல்கிறேன். சேற்றில் வண்டி நின்றதும் எல்லாரும் செய்யும் தப்பு, இன்னும் வேகம் கொடுப்பது. சக்கரம் பிடிமானம் இல்லாமல் சுற்றும்போது அது சக்கரம் இல்லை, மண்வெட்டி. தானே தனக்குக் குழி தோண்டிக்கொள்ளும். நின்ற உடனே இறங்கி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் இருக்கும் சேற்றை வெட்டி எடுத்து, ஓலையோ கோணியோ போட்டு, வந்த வழியிலேயே பின்னால் எடுப்பதுதான் முறை. வந்த வழி எவ்வளவு தாங்கும் என்று நமக்குத் தெரியும். போகும் வழி தெரியாது. இதெல்லாம் அன்று மாலை அவர் வாயிலிருந்து நான் கற்றுக்கொண்டது.

ஜீப்பில் பெரிய கியர் கம்பிக்குப் பக்கத்தில் இரண்டு குட்டிக் கம்பிகள் இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? ஒன்று முன்சக்கரங்களுக்கும் இழுவை கொடுக்க. இன்னொன்று லோ கியருக்கு. நாலு சக்கரமும் இழுத்திருந்தால் அன்று ஒருவேளை ஏறியிருக்கும். ஆனால் எங்கள் ஜீப்பில் முன்பக்கம் போகும் ஷாஃப்டில் கிராஸ் ஜாயின்ட் தேய்ந்துபோய், ஷாஃப்டையே கழற்றி ஷெட்டில் வைத்திருந்தார்கள். புது ஜாயின்ட் வாங்கக் கேட்ட கோப்பு எங்கள் செக்ஷனில், மூன்றாவது கொட்டேஷனுக்காக நான்கு மாதமாகக் காத்துக் கிடந்தது. ஆகவே எங்களுடையது பெயருக்குத்தான் ஜீப். இழுப்பது பின்சக்கரம் இரண்டும்தான்.

"நிறுத்தாதய்யா, ரேஸ் பண்ணு, ஏறிடும்" என்றார் ஆபீசர்.

"ஐயா, பண்ணினா இறங்கிடும்."

"பண்ணுன்னு சொல்றேன்ல."

பண்ணினார். வண்டி ஊளையிட்டது. சேறு பனைமர உயரத்துக்குப் பறந்தது. கிளட்ச் கருகும் நாற்றம் வந்தது. சரசரவென்று பின்பக்கம் இறங்கி, டிஃபரன்ஷியல் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. அதற்கப்புறம் அமைதி. வயலில் தவளைகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன.

ஜாக்கியை எடுத்தார். வண்டி ஏறவில்லை, ஜாக்கி சேற்றுக்குள் போனது. அடியில் வைக்கப் பலகை இல்லை. செயின்மேன் வரைபடம் விரிக்கும் பலகையைக் கொண்டுவந்து வைத்தான். இரண்டு அங்குலம் தூக்கியதும் அது பட்டென்று இரண்டாக உடைந்தது. என் சட்டை, வேட்டி, மூக்குக்கண்ணாடி எல்லாம் சேறு. வரைபடத்தை மட்டும் ஆபீசர் பத்திரமாகச் சீட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் கவனித்தேன். நாங்கள் நின்றது பாதையும் இல்லை, தரிசும் இல்லை. ஒருவருடைய வயலின் ஓரம். எங்கள் சக்கரம் வரப்பை உடைத்து, நட்டு மாதமாகாத சம்பாப் பயிரில் இரண்டு பட்டை போட்டிருந்தது. உடைந்த வரப்பு வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

நிலத்துக்காரர் வந்தார். அறுபது வயது இருக்கும். தோளில் மண்வெட்டி. எங்களிடம் பேசுவதற்கு முன் உடைந்த வரப்பில் நாலு வெட்டு மண் போட்டு மூடினார். பிறகுதான் நிமிர்ந்தார்.

"யார் சாமி உங்களுக்கு இங்க வழின்னு சொன்னது?"

ஆபீசர் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

"எங்க அப்பா காலத்துல வண்டி போன தடம் இது. அப்புறம் வாய்க்கால் வெட்டினாங்க, தடம் போச்சு. சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே" என்றார்.

டிரைவர் அண்ணன்தான் முன்னால் வந்தார். "தெரியாம இறக்கிட்டேன் பெரியவரே. பயிரு பாழாயிடுச்சு, மன்னிச்சுக்கங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். "இறக்கிட்டேன்" என்றார். "இறக்கச் சொன்னாங்க" என்று சொல்லவில்லை.

பெரியவர் திட்டிக்கொண்டேதான் உதவி செய்தார். ஊருக்குள் ஆள் அனுப்பினார். இருட்டிய பிறகு ஏழெட்டுப் பேர் வந்தார்கள், அரிக்கேன் விளக்கோடும் இரண்டு ஜோடி மாடுகளோடும். அண்ணன் டயர்களில் வால்வைத் தீக்குச்சியால் அழுத்திப் பாதிக் காற்றை இறக்கினார். டயர் தட்டையானால் அகலமாகத் தரையைப் பிடிக்கும். சக்கரங்களுக்குப் பின்னால் சேற்றை வெட்டிச் சரிவு எடுத்தார்கள். பனை மட்டைகளைக் குறுக்கே அடுக்கி, மேலே வைக்கோல் பரப்பினார்கள். வடக்கயிற்றை வண்டியின் பின்கொக்கியில் கட்டி, மாடுகளைக் கரைப்பக்கம் நிறுத்தினார்கள். அண்ணன் ரிவர்ஸ் கியரில் போட்டு, கிளட்ச்சை மெல்ல மெல்ல விட்டார். ரேஸே இல்லை, இன்ஜின் முனகுகிறது, அவ்வளவுதான். "ஹை" என்று ஒரு குரல். மாடுகள் முட்டி போட்டு எழுந்தன. நாங்கள் எல்லாரும் முன்னாலிருந்து தள்ளினோம். மூன்றாவது இழுப்பில் சேறு வண்டியை விட்டது. அந்தச் சத்தம் எனக்கு மறக்காது.

கரைக்கு வந்ததும் அண்ணன் பெரியவரைத் தனியே கூப்பிட்டு, சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்துக் கொடுத்தார். பத்து ரூபாய் என்று செயின்மேன் பிறகு சொன்னான். பயிருக்காக. ஆபீசரும் கொடுக்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. நாங்கள் வீடு வந்து சேர்ந்தபோது இரவு பதினொன்று.

இதோடு முடிந்திருந்தால் இது பேரனுக்குச் சொல்லிச் சிரிக்கும் கதை. இனிமேல்தான் விஷயம்.

வண்டி ஷெட்டுக்குப் போனது. கிளட்ச் பிளேட் போய்விட்டது, சைலன்சர் நசுங்கிவிட்டது. செலவு முந்நூற்றுச் சொச்சம். சர்க்கார் வண்டிக்குச் செலவு வந்தால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் ஓர் ஆள் வேண்டும். நான்காம் நாள் ஆபீசர் என்னைக் கூப்பிட்டு ஒரு மெமோ டிக்டேட் செய்தார். டிரைவர், உபயோகத்தில் இல்லாத பாதையில், தரையின் நிலையைச் சரிபார்க்காமல் வண்டியைச் செலுத்தி, அரசுக்கு நஷ்டம் ஏற்படுத்தினார். அவர்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று ஏழு நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும்.

நான் டைப் அடித்தேன். ஒரிஜினல் ஒன்று, கார்பன் காப்பி இரண்டு. ஓர் எழுத்துப் பிழை இல்லை.

"சார், மேப் பார்த்து வழி சொன்னது நான்" என்று சொல்ல எனக்கு எத்தனை நேரம் வேண்டும்? கால் நிமிடம். சொல்லவில்லை. காரணம் கேட்டால், இருக்கிறது. அப்போது நான் டெம்பரரி. என்னை நிரந்தரமாக்கும் கோப்பு அதே ஆபீசர் மேஜையில் இருந்தது. தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். இவையெல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனால் டிரைவர் அண்ணனுக்கும் மூன்று பெண்கள் இருந்தார்கள்.

மறுநாள் மாலை அண்ணன் குருசுக்குப்பத்தில் என் வீட்டுக்கே வந்தார். கையில் அந்த மெமோ. திண்ணையில் உட்கார்ந்தார். அம்மா காபி கொடுத்தாள்.

"தம்பி, இதுக்கு இங்கிலீஷ்ல பதில் எழுதிக் குடு. எனக்குக் கையெழுத்துதான் தெரியும்."

காகிதத்தை எடுத்தேன். பேனாவைத் திறந்தேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ரொம்ப எழுதாத. மழை பெஞ்சிருந்துச்சு, தெரியாம நடந்துபோச்சு, மன்னிக்கணும்னு ரெண்டு வரி. மேப்பு கீப்புன்னெல்லாம் வேணாம். ஷாஃப்டு கதையும் வேணாம். அப்புறம் அது எங்கெங்கயோ போகும்."

அதைக் கேட்டதும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி. நான் வெட்கப்படுவது மெமோவை டைப் அடித்ததற்காகக்கூட இல்லை, அது என் வேலை. அந்தத் திண்ணையில் எனக்கு வந்த நிம்மதிக்காகத்தான் வெட்கப்படுகிறேன். அவர் சொன்ன இரண்டு வரியை நல்ல ஆங்கிலத்தில் ஆறு வரியாக எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டார். குற்றச்சாட்டும் என் கையால், பதிலும் என் கையால். இரண்டிலும் நான் இல்லை.

ஒரு மாதத்தில் ஆணை வந்தது. ஒரு வருடத்துக்கு ஒரு இன்கிரிமென்ட் நிறுத்தம். குமுலேட்டிவ் எஃபெக்ட் இல்லாமல். சர்க்கார் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். வருடம் முடிந்தால் சம்பளம் பழையபடி சேர்ந்துவிடும், பென்ஷனைத் தொடாது. அந்தக் காலத்தில் அவருக்கு வருட இன்கிரிமென்ட் ஆறு ரூபாய். எனக்கும் அதே ஆறு ரூபாய்தான். ஆக, மாதம் ஆறு, வருடத்துக்கு எழுபத்திரண்டு ரூபாய். சின்னத் தண்டனை என்று செக்ஷனில் எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படியே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அடுத்த மார்ச்சில் நான் நிரந்தரமானேன்.

பள்ளியில் எங்களுக்கு 'திக்தே' உண்டு. வாத்தியார் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். இருபது மதிப்பெண். ஒரு பிழைக்கு நாலு மதிப்பெண் போகும், ஐந்து பிழையில் பூஜ்யம். பிழைக்கு அவர்கள் சொல்லும் வார்த்தை 'ஃபோத்'. குற்றத்துக்கும் அதே வார்த்தைதான். நம்மிடம் 'தப்பு' இருப்பதுபோல. வரைபடத்தைத் தப்பாக நம்பியது பிழை. வாய் திறக்காதது வேறு வகை. பள்ளிக்கூடத்தில் இரண்டுக்கும் ஒரே சிவப்பு மையில்தான் கோடு போட்டார்கள். வித்தியாசம் எனக்குப் பிறகுதான் புரிந்தது.

1990-இல் அண்ணன் ஓய்வு பெற்றார். அப்போது ஐம்பத்தெட்டில் ஓய்வு. அவருடைய சர்வீஸ் புத்தகத்தைப் பென்ஷனுக்காகச் சரிபார்த்தவன் நான்தான். தற்செயல் இல்லை, கேட்டு வாங்கிக்கொண்டேன். முப்பது வருடத்துக்கு மேல் ஓடிய புத்தகம். தண்டனை என்ற பக்கத்தில் ஒரே ஒரு பதிவு. அந்த ஆபீசர் ஓய்வு பெற்று எங்கேயோ போய்விட்டிருந்தார். வழியனுப்பு விழாவில் மாலை போட்டோம், சால்வை போர்த்தினோம். என்னைப் பேசச் சொன்னார்கள். அவருடைய நேர்மை, பொறுமை என்றெல்லாம் பத்து நிமிடம் பேசினேன். முன்வரிசையில் ஷெட் ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். அப்போதும் அதைச் சொல்லவில்லை.

விழா முடிந்து, மாலைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு, அவரை வீட்டுக்குக் கொண்டுவிட நடந்தேன். பாதி வழியில்தான் ஒரு வழியாகச் சொன்னேன். "அண்ணே, அந்தப் பாகூர் ஜீப்பு விஷயம். தப்பு என்னோடது. உங்களுக்கு எழுபத்திரண்டு ரூபா நஷ்டம் பண்ணினேன்."

அவர் சிரித்தார். "கணக்கு வெச்சிருக்கியா? ஆறு ரூபாய விடு தம்பி. அது போனா போகுது. நீ சின்னப் பையன், வேலை போயிடும்னு எனக்கும் தெரியும்." கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். பிறகு சொன்னார்: "ஷெட்டுலதான் ரொம்ப நாள் பேசினாங்க. இத்தன வருஷம் ஓட்டினவன், மண்ணப் பாக்கத் தெரியாம சேத்துல விட்டுட்டான்னு. புதுசா வந்த பசங்ககூடச் சிரிச்சானுங்க. அதுக்கப்புறம் என்னைக் கூப்பிட்டு வண்டி காட்டுறத நிறுத்திட்டாங்க. அதத்தான் மாத்த முடியல. நீ அங்க வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். ஆபீசர்கிட்ட இல்ல. அந்த டீக்கடைகிட்ட நின்னு, சும்மா சொல்லியிருக்கலாம்."

பன்னிரண்டு வருடமாக நான் ஆறு ரூபாய்க் கணக்கையே போட்டுக்கொண்டிருந்தேன். ஆபீசரிடம் சொல்லாததற்காவது எனக்குக் காரணம் இருந்தது. ஷெட்டில் சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்காது. ஒரு டீ செலவு. அது எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. டிரைவர் ஒருவருக்கு அங்கே ஒரு பெயர் இருக்கும், அது போனால் அவருக்கு வலிக்கும் என்று, பிரெஞ்சு படித்த இந்த கிளார்க்குக்குத் தெரியவில்லை.

அண்ணன் 2004-இல் காலமானார். காரியத்துக்குப் போயிருந்தேன். ஷெட் ஆட்கள் சிலர் வந்திருந்தார்கள். அங்கே வைத்துச் சொல்வது சரியில்லை என்று நினைத்துத் திரும்பிவிட்டேன். மறுபடி ஒரு காரணம்.

இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் நம் ஊர்ப் பழைய சர்க்கார் ஊழியர்கள் பலர் உண்டு என்று எனக்குத் தெரியும். டிரைவர்களும் உண்டு. 1978 ஐப்பசியில் பாகூர் வயலில் ஒரு ஜீப் இறங்கிய கதை உங்களில் யாருக்காவது ஞாபகம் இருந்தால், இதைத் தெரிந்துகொள்ளுங்கள். மேப்பைக் காட்டி வழி சொன்னவன் நான். கீழே இறங்கி, குதிகாலால் மண்ணை அழுத்திப் பார்த்து, வேண்டாம் என்று சொன்னவர் அவர். ரேஸ் பண்ணினால் இறங்கிவிடும் என்று சொன்னவரும் அவர்தான். கடைசியில் வண்டியை வெளியே எடுத்தவரும் அவரே.

பேரன் அடுத்த மாதம் வருகிறான். அந்தப் படத்தை மறுபடி காட்டச் சொல்லி, இந்தக் கதையை முழுதாக அவனுக்குச் சொல்ல வேண்டும்.